ஊசி போடுபவர் பீடி, சிகரெட்டை விட நினைத்தால்: எல்லையோர ஊர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஊசியில் போதை ஏற்றும் ஒருவர் உதவி கேட்டு வந்தால் நாம் ஊசியைப் பற்றி மட்டும்தான் பேசுகிறோம். எச்.ஐ.வி. சோதனை, ஹெபடைடிஸ் சோதனை, புது ஊசி, போதைக்குப் பதிலாக நாக்கடியில் வைக்கும் மாற்று மருந்து மாத்திரை, போலீஸ் கேஸ், வேலை. எல்லாம் பேசி முடித்து வெளியே போனதும் அவர் ஒரு சிகரெட்டைப் பற்றவைப்பார். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. ‘பாவம், அதாவது இருக்கட்டும்’ என்று வீட்டிலும் விட்டுவிடுகிறார்கள், ஆஸ்பத்திரியிலும் விட்டுவிடுகிறார்கள். இரக்கத்தில் சொல்வதுதான். ஆனால் ஊசியிலிருந்து பிழைத்து வந்தவர் நாற்பத்தைந்து வயதில் மாடிப்படி ஏற முடியாமல் உட்காரும்போது அந்த இரக்கம் அவருக்கு என்ன செய்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கம் தமிழ் பேசி வாழ்கிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வீடு கேரளத்தில் இருக்கும், வேலை கோயம்புத்தூரிலோ பொள்ளாச்சியிலோ இருக்கும். படிக்கிற நீங்கள் அவருடைய அம்மாவாக, மனைவியாக, கூட்டாளியாக, களப்பணியாளராக, நர்சாக இருக்கலாம். அவரே படித்தாலும் நல்லது.

ஏன் இப்போதே, ஊசியை விட்ட பிறகு ஏன் இல்லை

இந்தக் கேள்விக்கு முதலில் பதில் வேண்டும். இல்லாவிட்டால் மற்ற படிகளில் உங்களுக்கே நம்பிக்கை வராது.

மது, போதைக்குச் சிகிச்சை பெற்ற 845 பேரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 1996-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. இறந்துபோனவர்களின் மரணக் காரணத்தைப் பார்த்தால், சரிபாதி புகையிலையால் வரும் நோய்கள். மதுவால் வந்தவை மூன்றில் ஒரு பங்குதான். அந்த ஆய்வில் குடிநோயாளிகள்தான் அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊசி போடுபவருக்கு அளவு மீறி மூச்சு நின்றுபோகும் ஆபத்து எப்போதும் முதலில் நிற்கிறது. ஆனால் அதிலிருந்து தப்பி, சிகிச்சையில் நிலைத்து, வயது ஏற ஏற, அவரை எடுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் புகைதான்.

எச்.ஐ.வி. உள்ளவர்கள் விஷயத்தில் கணக்கு இன்னும் தெளிவு. டென்மார்க்கில் 2013-ல் பார்த்தபோது, எச்.ஐ.வி.யை அடக்கும் கூட்டு மருந்து எடுக்கும் ஒருவரின் ஆயுளில் எச்.ஐ.வி. பறித்தது சுமார் 5 வருடம், புகைப்பழக்கம் பறித்தது சுமார் 12 வருடம். மாத்திரையை ஒரு நாள் விட்டாலும் பதறுகிறோம். பீடியைக் கண்டுகொள்வதில்லை.

‘ரெண்டையும் ஒரே நேரத்தில் விடச் சொன்னால் மனசு தாங்காது, திரும்ப ஊசிக்குப் போயிடுவான்’ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு, மருத்துவர்களுக்கும் உண்டு. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. 2004-ல் 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, போதைச் சிகிச்சையோடு புகையை விடவும் உதவி பெற்றவர்கள், பின்னாளில் மதுவும் போதையும் இல்லாமல் இருக்கும் வாய்ப்பு 25 சதவீதம் கூடியிருந்தது. குறையவில்லை. இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யாராவது ‘இப்ப வேண்டாம்’ என்று சொல்லும்போது தேவைப்படும்.

1. அனுமதி கேட்டுத் தொடங்குங்கள்

அறிவுரையில் ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இவர் வாழ்க்கை முழுக்க அறிவுரை கேட்டவர். புகைப்பது தப்பு என்று அவருக்குச் சொல்ல ஆள் தேவையில்லை. இப்படிப் பேசிப் பாருங்கள்:

“அண்ணா, ஒண்ணு கேக்கலாங்களா? காலையில எந்திரிச்சா முதல் பீடி எப்பங்க?”

“கண்ணு முழிக்கிறதே அதுக்குத்தான் தம்பி.”

“விடணும்னு எப்பவாச்சும் நெனச்சிருக்கீங்களா?”

“நெனைக்காம என்ன. ஏணி ஏறினா மூச்சு வாங்குது. ஆனா நான் இருக்கிற நெலமையில அதையெல்லாம் யாரு பாக்கறது?”

“நான் பாக்கறேங்ணா. நீங்க சரின்னா.”

பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே விட நினைத்தவர்கள்தான். கேட்க ஆள் இல்லாததுதான் குறை. வேண்டாம் என்று சொன்னால், “சரிங்க, அப்புறம் பேசலாம்” என்று நிறுத்திவிட்டு அடுத்த மாதம் திரும்பக் கேளுங்கள்.

ஒரு விதியை இங்கேயே வைத்துவிடுகிறேன், இதில் விட்டுக்கொடுப்பே இல்லை. புகையை விட்டால்தான் புது ஊசி, மாத்திரை, சாப்பாடு, வீட்டில் இடம் என்று எதையும் நிபந்தனையாக வைக்கக் கூடாது. அப்படி வைத்தால் அவர் பீடியை விட மாட்டார், ஊசியும் மாத்திரையும் தரும் மையத்துக்கு வருவதைத்தான் விடுவார். 2025 மார்ச்சில் மலப்புரம் மாவட்டம் வளாஞ்சேரியில் ஊசியைப் பகிர்ந்துகொண்ட ஒரே கூட்டத்தில் பலருக்கு எச்.ஐ.வி. தெரியவந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். புது ஊசி அவர் கைக்குப் போகும் வழியை எந்தக் காரணத்துக்காகவும் அடைக்கக் கூடாது.

காரணம் சொல்ல வேண்டி வந்தால் பக்கத்தில் இருக்கும் காரணத்தைச் சொல்லுங்கள். இருபது வருடம் கழித்து வரப்போகும் புற்றுநோய், நாளைக்கு என்ன என்று தெரியாத ஆளுக்கு எட்டாத தூரம். ஊசி குத்திய இடத்தில் சீழ் கட்டி ஆறாமல் இருக்கிறதா? புகை ரத்தக் குழாயைச் சுருக்குகிறது, புண்ணுக்கு ரத்தம் வருவது குறைகிறது, ஆறத் தாமதமாகிறது. இது அவர் கண் முன்னால் நடப்பது. காசநோய் வந்து போனவர் என்றால், திரும்ப வரும் வாய்ப்பைப் புகை கூட்டுகிறது. ஹெபடைடிஸ் சி இருந்தால், கல்லீரல் தழும்பாவதோடு புகைக்கும் தொடர்பு உண்டு. ஹெபடைடிஸ் சி மருந்து 2018-லிருந்து தேசியத் திட்டத்தில் இலவசம், பெரும்பாலும் மூன்று மாதத்தில் முடிந்துவிடும். அதற்காகப் போகிற நேரத்தில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

2. ஒரு நாளின் கணக்கை எடுங்கள்

ஒரு சின்ன நோட்டு போதும். எழுத வராவிட்டால் தீக்குச்சியில் எண்ணட்டும். எத்தனை, எப்போது, எங்கே, எதற்குப் பிறகு. அதோடு இந்த ஐந்தையும் கேட்டுவிடுங்கள்.

எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் புகையா? ஆம் என்றால் நிகோட்டினின், அதாவது பழக்கத்தை விடவிடாத புகையிலைப் பொருளின், பிடி பலமானது. பின்னால் மருந்தின் அளவு இதை வைத்துத்தான் முடிவாகும்.

பீடியா, சிகரெட்டா? பீடி சின்னதாக இருப்பதால் லேசானது என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது தவறு. அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும், அதனால் உள்ளே போவது குறைவதில்லை. பத்துப் பீடியைப் பத்து சிகரெட்டாகவே எண்ணுங்கள்.

கஞ்சாவில் புகையிலை கலக்கிறாரா? இதை நிறையப் பேர் புகைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சிகரெட்டை விட்டுவிட்டேன் என்பார், ஆனால் ராத்திரி சுருட்டும் கஞ்சாவில் பாதி சிகரெட் தூள் இருக்கும். நிகோட்டின் ஆசை அணையாமல் இருப்பது அதனால்தான்.

ஹான்ஸ், கூல் லிப் மாதிரி ஏதாவது உதட்டில் வைக்கிறாரா? தமிழ்நாட்டில் 2013-லிருந்தும் கேரளத்தில் 2012-லிருந்தும் குட்கா வகைகளுக்குத் தடை இருந்தாலும், எல்லை ஊர்ப் பெட்டிக்கடைகளில் கேட்டால் கிடைக்கிறது. புகையை நிறுத்தியவர் இதற்குத் தாவினால் நிறுத்தியதாகக் கணக்கில்லை. வாய்ப்புற்றுநோய் வேறு காத்திருக்கிறது.

ஊசிக்கே சிகரெட் தேவைப்படுகிறதா என்பது வெளியாட்களுக்குத் தோன்றாத கேள்வி. மாத்திரையைக் கரைத்து ஏற்றுபவர்களில் சிலர் சிகரெட் பஞ்சைக் கிள்ளி வடிகட்டியாக வைக்கிறார்கள். அந்த நார் ரத்தத்தில் போவது ஆபத்து, கை பட்ட பஞ்சில் கிருமியும் போகும். புகையை விட்டவரின் பையிலும் அதற்காகவே ஒரு பாக்கெட் கிடக்கும். கையில் பாக்கெட் இருந்தால் எத்தனை நாள் தாங்கும்? ஊசி மாற்றித் தரும் மையத்தில் சுத்தமான பஞ்சு கேட்டு வாங்கிக் கொடுங்கள். பாக்கெட்டுக்கு ஒரு காரணம் குறையும்.

3. உடம்பையும் மருந்துகளையும் பட்டியலிடுங்கள்

டாக்டரிடம் போகும் முன் அவர் எடுக்கும் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதுங்கள். டாக்டர் எழுதித் தந்தது, கடையில் வாங்கியது, தெருவில் வாங்கியது எல்லாம். தூக்க மாத்திரையும் மதுவும் கட்டாயம் அதில் இருக்க வேண்டும்.

புகையை விட மூன்று விதமான மருந்துகள் நம் நாட்டில் உண்டு: நிகோட்டின் மாற்று (புகை இல்லாமல் நிகோட்டினை மட்டும் தரும் ஒட்டுப்பட்டை, சுயிங்கம், மிட்டாய்), வரெனிக்ளின், புப்ரோபியான். இதில் புப்ரோபியான் வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும். வலிப்பு உள்ளவருக்கும், மதுவையோ தூக்க மாத்திரையையோ திடீரென்று நிறுத்தும் நிலையில் உள்ளவருக்கும் அது கூடாது. ஊசி போடுபவர்களில் தூக்க மாத்திரை கலக்காதவர்கள் குறைவு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். இன்னொன்று, புப்ரோபியான் வேறு, ஊசிப் போதைக்கு மாற்று மருந்தாக நாக்கடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் வேறு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் மருந்துக்கடையில் அட்டையைப் பார்த்து வாங்குங்கள்.

மனநல மருந்தில் குளோசபைன், ஒலான்சபைன் எடுப்பவர் என்றால், புகையை நிறுத்துவதற்கு முன்பே டாக்டருக்குத் தெரிய வேண்டும். புகையில் உள்ள சில பொருட்கள் இந்த மருந்துகளைக் கல்லீரல் வேகமாகக் கரைக்கும்படி செய்கின்றன. புகை நின்றால் அதே மாத்திரை ரத்தத்தில் அதிகமாகத் தங்கும். அளவைக் குறைக்க வேண்டி வரலாம். மெதடோன் என்ற இன்னொரு மாற்று மருந்தை எடுப்பவரும் சொல்லிவைக்கட்டும். விட்ட முதல் வாரங்களில் வழக்கத்துக்கு மீறித் தூங்கி வழிந்தால் உடனே மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

4. நாள் குறியுங்கள்

மாற்று மருந்து தொடங்கிய முதல் வாரம் வேண்டாம். அளவு இன்னும் பிடிபட்டிருக்காது. மாத்திரை நிலைத்து, உடம்பு வலி இல்லாமல் தூங்கி எழும் நிலை வந்ததும் பேசலாம். மாற்று மருந்தின் அளவைக் குறைக்கத் தொடங்கும் மாதங்களிலும் வேண்டாம். புப்ரெனார்ஃபின் அப்படியே இருக்கட்டும், இப்போது புகை மட்டும்.

மாற்று மருந்தில் சேராமல் இன்னும் ஊசி போடுகிறவர் என்றால்? அவருக்கும் இது உண்டு. ஊசியை நிறுத்திய பிறகுதான் என்று தள்ளாதீர்கள். அவருக்கு நாள் குறிப்பதைவிட எண்ணிக்கையைக் குறைப்பதில் தொடங்குவது எளிது. நிகோட்டின் ஒட்டுப்பட்டையைப் போட்டுக்கொண்டே பீடியைக் குறைத்து வரலாம், பயம் வேண்டாம்.

மறுவாழ்வு மையத்தில் சேர்ந்திருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். சில இடங்களில் நாளைக்கு இத்தனை பீடி என்று அளந்து கொடுப்பார்கள், ஒழுங்காக இருந்தால் ஒன்று கூடுதல். போதையை விடச் சேர்ந்த இடத்தில் பீடியைப் பரிசாகப் பழக்குவது எந்த விதத்திலும் சரியில்லை. சேர்க்கும் முன்பே, நிகோட்டின் மருந்து தருவீர்களா என்று கேளுங்கள்.

5. நிகோட்டின் மருந்தைச் சரியான அளவில், சரியான விதத்தில்

இங்கேதான் அதிகம் பேர் தோற்கிறார்கள். தோற்றதற்குக் காரணம் மன உறுதி இல்லாதது அல்ல, மருந்து போதாதது. ஒரு நாளைக்கு இரண்டு சுயிங்கம் மென்று பார்த்துவிட்டு ‘இதெல்லாம் வேலைக்காகாது’ என்று தூக்கிப்போட்டவர்கள் எத்தனையோ பேர்.

ஒட்டுப்பட்டை மெதுவாக, நாள் முழுக்க நிகோட்டின் தரும். சுயிங்கமோ சப்பும் மிட்டாயோ திடீரென்று எழும் ஆசையை அடக்கும். இரண்டையும் சேர்த்து எடுப்பது ஒன்றை மட்டும் எடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது. நாளைக்குப் பத்துக்கு மேல் புகைப்பவருக்கு வழக்கமாக 21 மி.கி. பட்டையில் தொடங்கி ஆறு வாரம், அப்புறம் 14 மி.கி. இரண்டு வாரம், 7 மி.கி. இரண்டு வாரம். நம் ஆட்களில் பலருக்கு இந்தக் காலம் போதாது. நீட்டித்தால் தவறில்லை, டாக்டரிடம் கேட்டு நீட்டுங்கள்.

பட்டையைக் காலையில் குளித்துத் துவட்டிய பிறகு, மயிர் இல்லாத இடத்தில், மேல்கை, மார்பு, முதுகு என்று தினம் இடம் மாற்றி ஒட்ட வேண்டும். ஊசி குத்திய இடம், புண், தழும்பு, சீழ் உள்ள இடம் கூடாது. எந்தக் கையில் அவர் ஊசி போடுகிறார் என்று தெரிந்து மற்ற இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள். ராத்திரி கெட்ட கனவு வந்தால் படுக்கும்போது எடுத்துவிடலாம். எடுத்த பட்டையில் இன்னும் நிகோட்டின் இருக்கும், ஒட்டும் பக்கத்தை உள்ளே மடித்துக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் போடுங்கள்.

சுயிங்கத்தை மிட்டாய்க்கடைச் சுயிங்கம் போல மென்று தள்ளக் கூடாது. மெதுவாக மென்று, நாக்கில் காரமாகச் சுருக்கென்று வந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். சுருக்கு குறைந்ததும் திரும்ப மெல்ல வேண்டும். அரை மணி நேரம் ஒன்று வரும். விழுங்கினால் வயிறு எரியும், விக்கல் வரும், பலன் இருக்காது. மெல்வதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்து முடியும் வரை சாயா, காப்பி, சோடா எதுவும் வேண்டாம். அவை வாயில் நிகோட்டின் சேர்வதைத் தடுக்கும். முதல் வாரங்களில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று நேரம் வைத்து எடுப்பது நல்லது, ஆசை வந்த பிறகு எடுப்பது தாமதம். எழுந்து அரை மணிக்குள் புகைப்பவருக்கு 4 மி.கி., மற்றவர்களுக்கு 2 மி.கி. 2 மி.கி. சுயிங்கம் சீட்டு இல்லாமலே கடையில் கிடைக்கும், 4 மி.கி.க்குச் சீட்டு கேட்பார்கள்.

பல வருடம் ஓபியாய்டு (ஹெராயின், புப்ரெனார்ஃபின், மெதடோன் வகை மருந்துகள்) எடுத்தவர்களின் வாய் வறண்டு பல் சொத்தையாகியிருக்கும். மெல்லவே முடியாத ஆளிடம் சுயிங்கத்தைக் கொடுத்துவிட்டு ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதுவது அநியாயம். அவருக்குப் பட்டையும் சப்பும் மிட்டாயும் தான். அதேபோல, புப்ரெனார்ஃபின் நாக்கடியில் கரையும்போது வாயில் சுயிங்கம் இருக்கக் கூடாது. மாத்திரை முழுக்கக் கரைந்ததும் தண்ணீரில் வாயை அலசி விழுங்கிவிட்டு, அதன்பிறகு சுயிங்கம். பல் தேய்க்க ஒரு மணி நேரமாவது போகட்டும்.

‘இதுவும் நிகோட்டின்தானே, ஒரு போதைக்கு இன்னொன்றா?’ என்று வீட்டில் கேட்பார்கள். ஆளைக் கொல்வது புகையில் இருக்கும் தார், கார்பன் மோனாக்சைடு, இன்னும் ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்கள். நிகோட்டின் அவரைக் கட்டிப்போடும் கயிறு மட்டும்தான். 2009-லிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும், 2022-லிருந்து இந்தியாவின் பட்டியலிலும் நிகோட்டின் மாற்று இருக்கிறது.

வரெனிக்ளின் நல்ல மருந்து, டாக்டர் சீட்டில் 12 வாரம். குமட்டும், அதனால் சாப்பிட்ட பிறகு ஒரு டம்ளர் தண்ணீரோடு எடுக்க வேண்டும். அதனால் மனநிலை கெடும் என்ற பழைய பயத்தை 2016-ல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று பெருமளவு நீக்கிவிட்டது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும்.

மின்சிகரெட் வாங்கித் தருவதாகக் கொச்சியிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ யாராவது சொல்வார்கள். 2019-லிருந்து இந்தியாவில் அதன் விற்பனைக்கே தடை. ஏற்கெனவே போலீஸ் கண்ணில் இருக்கும் ஆளுக்கு இன்னொரு தொல்லை வேண்டாம்.

6. முதல் மூன்று நாள், முதல் மூன்று வாரம்

விட்ட இரண்டாம், மூன்றாம் நாள்தான் கடினம். எரிச்சல், படபடப்பு, தூக்கமின்மை, பசி, சோர்வு. மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். சாதாரண ஆளுக்கு இதைப் பல்லைக் கடித்துத் தாண்டலாம். ஊசி போட்டவருக்கு இதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது: நிகோட்டின் குறைவால் வரும் அவஸ்தையும் ஓபியாய்டு குறைவால் வரும் அவஸ்தையும் ஆரம்பத்தில் ஒன்றுபோலவே தெரியும். ‘மாத்திரை பத்தலை, உடம்பு முறிக்குது’ என்று அவர் நினைத்துவிட்டால் அடுத்து எங்கே போவார் என்று உங்களுக்கே தெரியும்.

எரிச்சல், தூக்கமின்மை, இருப்புக் கொள்ளாமை இரண்டிலும் வரும், அவற்றை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் மூக்கில் நீர் ஒழுகுவது, கண்ணீர், விடாத கொட்டாவி, மயிர்க்கூச்செறிதல், கண்ணின் கருமணி விரிவது, வயிற்றுப்போக்கு, கால் இழுப்பு இவையெல்லாம் ஓபியாய்டு குறைவின் அடையாளங்கள். நிகோட்டினில் இப்படி வராது. பசி கூடுவது நிகோட்டின் பக்கம், பசியே இல்லாமல் போவது மற்றப் பக்கம். சந்தேகமாக இருந்தால் ஒரு சுயிங்கத்தைச் சரியான முறையில் எடுத்து அரை மணி பார்க்கட்டும். தணிந்தால் நிகோட்டின். தணியவில்லை, கொட்டாவியும் மூக்கொழுகலும் இருக்கிறது என்றால் அன்றே மையத்துக்குப் போய் மாற்று மருந்தின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். பொறுத்துக்கொள் என்று சொல்லாதீர்கள்.

மலச்சிக்கலைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், ஆனால் இதற்காகவே திரும்பப் பற்றவைத்தவர்கள் உண்டு. ஓபியாய்டு குடலை மந்தமாக்கும். காலையில் ஒரு பீடி இழுத்தால்தான் போகும் என்று உடம்பு பழகியிருக்கும். பீடி நின்றால் இரட்டைக் கட்டு. முதல் நாளிலிருந்தே தண்ணீர், கீரை, பழம், தேவைப்பட்டால் மலமிளக்கி என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

சாயாவையும் பாதியாகக் குறையுங்கள். புகை நின்றால் காஃபின் உடம்பிலிருந்து வெளியேறுவது மெதுவாகும். முன்பு குடித்த அதே ஆறு கிளாஸ் சாயா இப்போது நெஞ்சு படபடப்பையும் தூக்கமின்மையையும் தரும். அதை அவர் புகை ஏக்கம் என்று நினைத்துக்கொள்வார்.

7. பற்றவைக்கும் இடங்கள்

மையத்தில் மாத்திரை எடுத்த உடனே. ஓபியாய்டு எடுத்ததும் புகைக்கும் ஆசை கூடுவது ஆய்வுகளில் தெரிந்த விஷயம், அவருடைய பலவீனம் அல்ல. மாத்திரை கரைந்ததும் கையில் சுயிங்கத்தைக் கொடுங்கள், மையத்து வாசலில் நிற்காமல் நேரே பஸ் ஏறச் சொல்லுங்கள்.

அந்த வாசலில்தான் எல்லோரும் நின்று புகைக்கிறார்கள். களப்பணியாளர்களும் சேர்ந்து. தீப்பெட்டி கேட்டு நட்பு பிடிப்பது இந்த வேலையில் பழைய வழி, அதன் அருமை எனக்குத் தெரியும். இருந்தாலும் உதவி செய்கிறவர் அவர் முன்னால் புகைக்கக் கூடாது. முடிந்தால் இருவரும் சேர்ந்தே விடுங்கள். தானும் ஊசியிலிருந்து வந்து, தானும் பீடியை விட்ட ஒரு பியர் எஜுகேட்டர் சொல்வதை எந்த டாக்டர் சொல்வதையும்விடக் கேட்பார்கள். பொது இடத்தில் புகைப்பதைக் கேரள உயர் நீதிமன்றம் 1999-லேயே தடுத்தது, நாடு முழுக்க 2008 அக்டோபர் 2-ல் தடை வந்தது. ஆகவே மைய வாசலைப் புகையில்லாத இடமாக்குவதற்கு யாரிடமும் புது உத்தரவு வாங்க வேண்டியதில்லை.

கள்ளு ஷாப்பு. சித்தூர் பக்கம் தென்னந்தோப்புக் கள் பேர் போனது, தமிழ்நாட்டில் தடை என்பதால் அந்தப் பக்கத்திலிருந்தும் ஆள் வரும். குடித்த கை பீடியைத் தேடும். கள்ளோடு தூக்க மாத்திரையும் ஓபியாய்டும் சேர்ந்தால் மூச்சே நிற்கலாம் என்பது தனிப் பெரிய விஷயம். முதல் ஒரு மாதமாவது அந்தப் பக்கம் போகாமல் இருக்கும்படி வேலையையும் வழியையும் மாற்றி அமைக்க உதவுங்கள்.

மிச்சமாகும் காசு. சிகரெட்டை விட்டால் இவ்வளவு மிச்சம் என்று உண்டியலில் போடச் சொல்லும் யோசனை எல்லோருக்கும் தோன்றும். ஊசி போடுபவர் விஷயத்தில் கையில் சேரும் ரொக்கமே ஒரு தூண்டில். தினமும் அந்தக் காசு ரீசார்ஜ், பால் கணக்கு, பிள்ளையின் பஸ் செலவு என்று உடனே வேறு வடிவம் எடுத்துவிட வேண்டும்.

பெண்களைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. ஊசியை மறைப்பதைவிடப் புகையை அதிகமாக மறைப்பார்கள். வீட்டார் இல்லாத இடத்தில், பெண் ஊழியர் ஒருவர் கேட்டால்தான் பேச்சு வரும். கர்ப்பமாக இருந்தால் மருந்து எதையும் டாக்டர் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

8. வழுக்கினால்

வழுக்குவார். முதல் முயற்சியில் நிலைப்பவர்கள் இந்தக் கூட்டத்தில் குறைவு, அதை அவரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். ஒரு பீடி இழுத்துவிட்டால் பட்டையைக் கிழித்து எறிய வேண்டியதில்லை. பட்டை இருக்கட்டும், எந்த நேரத்தில் எங்கே நடந்தது என்று நோட்டில் எழுதட்டும், அடுத்த நாளும் தொடரட்டும். அடிக்கடி நடந்தால் மருந்தின் அளவு போதவில்லை என்று பொருள்.

ஊசிக்குத் திரும்பினாலும் புகைத் திட்டத்தைக் கலைக்காதீர்கள். ஒன்றில் விழுந்தார் என்பதற்காக இன்னொன்றையும் பிடுங்கிவிடக் கூடாது. ஆனால் உடனே கவனிக்க வேண்டியது வேறு: சில வாரம் இடைவெளி விட்டு ஊசி போடும்போது பழைய அளவை உடம்பு தாங்காது. புகையால் நுரையீரல் கெட்டவருக்கு மூச்சு இன்னும் சீக்கிரம் தடுமாறும். தனியாக இருந்து போட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓபியாய்டு அளவு மீறி நிற்கும் மூச்சைத் திரும்ப வரவைக்கும் நலாக்ஸோன் மருந்து மையத்தில் கிடைக்குமா என்று விசாரித்து வையுங்கள். உதடு நீலமாகி, குறட்டை மாதிரி மூச்சு இழுத்தால் 108, இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான்.

விட்ட மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் போன் செய்யுங்கள். அப்புறம் ஒரு மாதம் வாரம் ஒருமுறை, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. வேலைக்காக எல்லை தாண்டி இடம் மாறுகிறார் என்றால், மாற்று மருந்து மையத்திலிருந்து மாற்றல் கடிதம் வாங்கும்போதே நிகோட்டின் மருந்தையும் அதில் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புது மையம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும், பெரும்பாலும் தொடங்காமலே விட்டுவிடும்.

9. யாரை அழைப்பது

புகையிலையை விட 1800-112-356, கட்டணம் இல்லை. தென்னிந்திய மொழிகளுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸிலிருந்து பேசுகிறார்கள், தமிழில் வேண்டும் என்று கேளுங்கள். அழைக்கும்போது மாற்று மருந்து எடுப்பதையும் ஊசியையும் மறைக்க வேண்டாம், ஆலோசனை அதைப் பொறுத்து மாறும். கேரளத்தில் கலால் துறையின் விமுக்தி 14405, நாடு முழுவதற்கும் போதை மீட்பு 14446, எச்.ஐ.வி. மற்றும் ஊசி மாற்று மையங்கள் எங்கே என்று கேட்க 1097, மனம் உடைந்துபோனால் டெலி மானஸ் 14416. பல மாவட்ட மருத்துவமனைகளில் புகையிலை நிறுத்த ஆலோசனை மையம் இருக்கிறது. அங்கே ஊதச் செய்து கார்பன் மோனாக்சைடு அளக்கும் கருவி இருந்தால் வாரம் ஒருமுறை ஊதச் சொல்லுங்கள். எண் இறங்குவதைத் தன் கண்ணால் பார்ப்பது அவருக்குப் பெரிய தெம்பு. சிகிச்சைக்குப் போனால் கேஸ் போடுவார்களோ என்று பயப்படுபவரிடம், தானாக முன்வந்து சிகிச்சை பெறுபவருக்குப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவில் பாதுகாப்பு இருக்கிறது என்று சொல்லுங்கள். அது தான் உபயோகித்ததற்கும் சிறு அளவு வைத்திருந்ததற்கும் மட்டும் பொருந்தும். வேறு கேஸ் இருந்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்தில் இலவச வக்கீல் கேட்கலாம்.